பின்கதவைத் தாங்கும் கோல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரை)

 

பழைய கார் ஒன்றைப் பொன்னேபோல் போற்றி வைத்திருப்பவரின் வீட்டுக்குச் சென்றால், வண்டியின் வண்ணமும் குரோமியப் பட்டைகளின் மினுமினுப்பும் முதலில் கண்ணைக் கவரும். அவர் பெருமையோடு பின்கதவைத் திறந்து காட்டுவார். திறந்த கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, மறுகையால் உள்ளிருந்து ஒரு விளக்குமாற்றுக் கழியை எடுத்து முட்டுக் கொடுப்பார். பல இலட்சம் செலவிட்டுப் புதுப்பித்த வண்டிக்கு ஒரு கழி துணை! வந்தவர் சிரிப்பார், உரியவரும் சிரிப்பார். ஆயினும் அந்தக் கழி நழுவினால் கதவு விழுவது கீழே குனிந்திருப்பவரின் தலையில்தான்.

அக்கழி இருக்கும் இடத்தில் முன்னொரு காலத்தில் ஒரு மெல்லிய கருநிறக் கோல் இருந்தது. அதைப் பொறியாளர்கள் கேஸ் ஸ்ட்ரட் என்பர். பட்டறைகளில் டிக்கி ஷாக்கர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பர். இவ்வுரையில் அது வாயுத் தாங்கி என்று குறிக்கப்படும். வேலை செய்யும் வரையில் அதை யாரும் கவனிப்பதில்லை. அது ஓய்ந்த பின், அதற்கு மாற்றுத் தேடிப் புறப்படுபவர் ஒரு சிறு கோலுக்காகக் கடை கடையாக ஏறி இறங்க நேர்கிறது. அத்தேடலே இவ்வுரையின் பொருள். இலக்கிய மேடையில் இரும்புக் கடைச் சரக்கா என்னும் ஐயம் எழக்கூடும். உரை முடிவதற்குள் அவ்வையம் நீங்கும் என்பது நம்பிக்கை.

சென்னையில் பிறந்த ஒரு கார்

எந்தக் காரை எடுத்துக்காட்டாகக் கொள்வது? தமிழ் மண்ணோடு தொடர்புடைய ஒன்றே உள்ளது. 1976-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரோவர் எஸ்.டி.1 என்னும் கார் வெளிவந்தது. ஸ்பெஷலிஸ்ட் டிவிஷன் என்னும் பிரிவின் முதல் படைப்பு என்பதே அப்பெயரின் பொருள். அதன் வடிவத்தை அமைத்தவர் டேவிட் பேச். பொறியியலை வகுத்தவர் ஸ்பென் கிங். 1977-இல் ஐரோப்பாவின் அவ்வாண்டுக்குரிய சிறந்த கார் என்னும் பரிசு அதற்குக் கிடைத்தது. 1986 வரை மூன்று இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வண்டிகள் உற்பத்தியாயின.

அந்நாளைய பெரிய கார்களில் பயணிகள் அமரும் பகுதி வேறு, சாமான் வைக்கும் பெட்டி வேறு என்றிருப்பதே வழக்கம். எஸ்.டி.1 அவ்வழக்கத்தை மீறியது. கூரையிலிருந்து சரிந்து இறங்கும் அதன் பின்புறம் முழுவதும் ஒரே கதவு. பெரிய கண்ணாடி, இரும்புத் தகடு, பூட்டு யாவும் அக்கதவோடு சேர்ந்தே மேலெழும். அத்தகைய கதவை வெறுங்கையால் தூக்கிப் பிடித்திருக்க இயலாது. அதைத் தூக்கித் தருவதற்கும், திறந்த நிலையில் நிறுத்தி வைப்பதற்கும் வாயுத் தாங்கி வேண்டும்.

இந்தக் காரின் உருவத்தைத்தான் சென்னையிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் மேற்கொண்டது. வான்கார்டு, ஹெரால்டு, கெஸல் என்று ஒரு தலைமுறையின் நினைவில் நிலைத்த கார்களைத் தந்த நிறுவனம் அது. அதன் வண்டலூர் ஆலையிலிருந்து 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 வெளிவந்தது. உடல் ரோவருடையது, உள்ளே இருந்ததோ பழைய வான்கார்டு எஞ்சினிலிருந்து உருவான இரண்டு லிட்டர் எஞ்சின். இங்கிலாந்தில் இதே உடலுக்குள் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சினும் ஓடியது. விலை மிகுதி, எஞ்சினோ பழையது. வாங்குவோர் குறைவாகவே இருந்தனர். 1988-இல் உற்பத்தி நின்றது. ஆலை நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. 2006-இல் அங்கு எஞ்சியிருந்த எஸ்.டி.1 உதிரிபாகங்களை ரிம்மர் பிரதர்ஸ் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் வாங்கிச் சென்றது. ஆங்கிலேயரின் கார் சென்னைக்கு வந்தது. சென்னையில் எஞ்சிய பாகங்கள் ஆங்கிலேயரின் பழைய கார்களைக் காப்பாற்றக் கடல் கடந்து சென்றன. வரலாறு இப்படியும் கணக்குத் தீர்ப்பதுண்டு.

ஆக, இன்று சென்னையிலோ கோவையிலோ ஒரு ஸ்டாண்டர்டு 2000 வைத்திருப்பவருக்கு முறையிட ஆலை இல்லை. பாகம் கேட்க விற்பனையாளர் இல்லை. அவர் கையில் இருப்பது ஓய்ந்துபோன கோல் ஒன்றே.

கோலின் உள்ளே

தேடுபவர் முதலில் தாம் தேடுவது இன்னதென்று அறிய வேண்டும். மேலைநாட்டிலும் தொடக்க காலக் கார்களில் கதவைத் தாங்கியவை இரும்புக் கம்பியும் சுருள்வில்லுமே. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரிலுள்ள ஸ்டாபிலஸ் நிறுவனம் 1962-இல் வாயுத் தாங்கிகளைத் தொடர் உற்பத்தியாகச் செய்யத் தொடங்கியது. பின்புறம் முழுதும் திறக்கும் கார்கள் பெருகிய காலத்தில் அதுவும் பரவியது.

பார்வைக்கு அது ஓர் உருளையும் அதற்குள் சென்று வரும் தண்டும் மட்டுமே. உருளைக்குள் நைட்ரஜன் வாயு பெரும் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். சிறிதளவு எண்ணெயும் இருக்கும். தண்டின் உள்முனையில் பிஸ்டன் உண்டு. இங்கே ஒரு வியப்பு உள்ளது. பிஸ்டனில் நுண்ணிய துளைகள் இருப்பதால் அதன் இருபுறமும் வாயு அழுத்தம் ஒன்றே. இருபுறமும் அழுத்தம் சமம் என்றால் தண்டு எவ்வாறு வெளியே தள்ளப்படுகிறது? பிஸ்டனின் ஒரு பக்கத்தில் தண்டு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அப்பக்கத்தில் வாயு தொடும் பரப்பு, தண்டின் தடிமன் அளவுக்குக் குறைவு. அந்தச் சிறு வேறுபாடே கதவைத் தூக்குகிறது.

கணக்கிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 50 சதுர மில்லிமீட்டர். அத்தண்டு 400 நியூட்டன் விசையோடு, அதாவது சுமார் 40 கிலோ எடையைத் தூக்கும் வலிமையோடு, தள்ள வேண்டுமென்றால் உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 80 மடங்கு அழுத்தம் வேண்டும். கார்ச் சக்கரத்தின் டயரில் அடைக்கும் காற்றைக் காட்டிலும் இது முப்பது மடங்குக்கும் மேல். சுண்டுவிரல் பருமனுள்ள தண்டுக்குப் பின்னால் அத்தனை அழுத்தம் ஒளிந்திருக்கிறது.

அந்த அழுத்தத்தைக் காத்து நிற்பது உருளையின் வாயிலிலுள்ள சிறு ரப்பர் வளையம். சீல் என்பது அதன் வழக்குப் பெயர். எண்ணெய் அவ்வளையத்தை ஈரமாக வைத்திருக்கும் வரையில் அது உயிரோடிருக்கும். அதனால்தான் கதவு மூடியிருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருக்குமாறு தாங்கியைப் பொருத்துவர். எண்ணெய் கீழிறங்கி வளையத்தை நனைத்துக்கொண்டிருக்கும். தலைகீழாகப் பொருத்தினால் வளையம் உலர்ந்து சுருங்கும். வாயு மெல்ல மெல்லக் கசியும். கசிவது கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. ஒரு நாள் கதவு சற்றுத் தாழும்; சில மாதங்களில் பாதிவழியில் நிற்கும்; பின்னர் ஒரு நாள் நிற்காது.

வண்டியைப் புதுப்பிப்போரே அறியாமல் செய்யும் பிழை ஒன்றும் உண்டு. உடலுக்கு வண்ணம் தெளிக்கும்போது தாங்கியைக் கழற்றாமல் விட்டுவிடுவர். தண்டின்மேல் படியும் வண்ணத்துகள் காய்ந்து சொரசொரப்பாகி, ஒவ்வொரு முறை கதவு திறந்து மூடும்போதும் வளையத்தை அறுக்கும். தண்டைக் குறடு கொண்டு பிடித்துத் திருகினாலும் இதே கேடுதான். அழகுபடுத்தும் வேளையில் ஏற்படும் சேதம் இது.

பெயரைக் கொண்டு தேடுதல்

தாங்கி ஓய்ந்ததும் உரியவர் முதலில் செய்வது, அதன்மேல் எழுதியிருப்பதைப் படிப்பது. உருளையின் மேல் பாக எண்ணும், நியூட்டனில் விசையின் அளவும், உற்பத்தி நாளைக் காட்டும் எண்களும் அச்சிடப்பட்டிருப்பது பொது வழக்கம். அவை தெளிவாக இருந்தால் வேலை பாதி முடிந்தது. ஆனால் முப்பது நாற்பது ஆண்டு வெயிலையும் தூசியையும் கண்ட உருளையில் எழுத்து எஞ்சியிருப்பது அரிது. ஒன்றிரண்டு எண்கள் தெரியும், நடுவில் தேய்ந்திருக்கும். 3-ஆ 8-ஆ என்று கண்ணாடியை வைத்துப் பார்த்தாலும் விளங்காது.

எண் முழுதாகக் கிடைத்தாலும் அது எப்போதும் பயன்படுவதில்லை. பாக எண் என்பது ஒரு நிறுவனம் தன் பொருளுக்கு இட்ட பெயர். நிறுவனம் மறைந்தால் அப்பெயரை அறிந்தோரும் மறைவர். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடைக்காரர் எண்ணைக் கேட்டுவிட்டுத் தலையசைப்பார். எந்த வண்டி என்பார். ஸ்டாண்டர்டு 2000 என்றால், இளையவராக இருந்தால் அப்பெயரே அவருக்குப் புதிது. முதியவராக இருந்தால் அந்த ஆலையைப் பற்றி அரைமணி நேரம் அன்போடு பேசுவார். பாகம் மட்டும் இருக்காது.

புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட வண்டிகளின் பாகங்களுக்கு நடுவே தேடுவோரும் உண்டு. கதவும் விளக்கும் பூட்டும் அங்கே கிடைக்கக்கூடும். அவற்றை நம்பி வாங்கலாம். பழைய வண்டியிலிருந்து கழற்றிய வாயுத் தாங்கியை மட்டும் நம்ப இயலாது. அதுவும் அதே காலத்தில் பிறந்தது; அதே வெயிலில் காய்ந்தது. ஓய்ந்ததற்கு மாற்றாக ஓயப்போவதை வாங்குவதில் பொருளில்லை.

பிரிக்காத உறையும் ஏமாற்றமும்

பழைய கார் ஆர்வலர்களிடையே ஒரு சொல் பெருமதிப்புக்குரியது: ஓல்டு ஸ்டாக். பல்லாண்டுகளுக்கு முன் செய்யப்பட்டு, வண்டியில் பூட்டப்படாமல் உறையோடு கிடக்கும் புதுப் பாகம் என்பது அதன் பொருள். எங்கோ ஒரு கிட்டங்கியில், மூலத் தொழிற்சாலையின் முத்திரையோடு அத்தகைய தாங்கி கிடைத்துவிட்டால் உரியவர் மகிழ்ச்சிக்கு அளவிருக்காது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவருவார். பொருத்திப் பார்த்தால் கதவு எழாது; எழுந்தாலும் மறுவாரம் தாழும்.

காரணம் எளியது. பயன்படாமல் இருந்தது என்பதால் அது முதுமை அடையாமல் இருக்கவில்லை. ரப்பர் வளையம் உறைக்குள்ளேயே மூத்தது. படுக்கை நிலையிலோ தலைகீழாகவோ கிடந்ததால் எண்ணெய் அதை நனைக்கவில்லை. வாயு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வெளியேறியது. கதவுத் தகடு நாற்பது ஆண்டு உறைக்குள் காத்திருக்கும். கண்ணாடியும் காத்திருக்கும். அடைத்து வைத்த வாயு காத்திருக்காது. ஆகவே கடல் கடந்து போன பாகங்களை எண்ணி ஏங்குபவர் இந்த ஒரு பொருளைப் பொறுத்தமட்டில் ஏங்க வேண்டியதில்லை. பழைய கார் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் வாயுத் தாங்கி அண்மையில் செய்யப்பட்டதாகவே இருக்க வேண்டும்.

மூலப்பொருளை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று விரும்புவோருக்கு இது கசப்பான செய்தி. வண்டியின் ஒவ்வொரு திருகாணியும் ஆலையில் பூட்டியதாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அக்கொள்கையில் மதிப்புக்குரிய கூறு உண்டு. ஆயினும் மூலத்தைக் காக்கிறேன் என்று ஓய்ந்த கோலைப் பூட்டி வைத்து, கீழே கழி முட்டுக் கொடுப்பவர் எதைக் காக்கிறார்? வண்டியைச் செய்தவர்கள் விரும்பியது கதவு தானே எழுந்து நிற்க வேண்டும் என்பதே. அந்த விருப்பமும் மூலத்தைச் சேர்ந்ததுதான்.

அளவைக் கொண்டு தேடுதல்

பெயரால் கிடைக்காததை அளவால் தேட வேண்டும். இந்த வழியில் செல்பவருக்குத் தேவையானவை ஓர் அளவுநாடா, குளியலறையில் உடல் எடை பார்க்கும் தராசு, உறுதியான கழி, துணைக்கு ஓர் ஆள். விளக்குமாற்றுக் கழி இங்கே மீண்டும் வருகிறது. இம்முறை முட்டுக் கொடுக்க அன்று, அளந்து பார்க்க.

முதல் அளவு நீளம். கதவை முழுதும் திறந்து நிறுத்தி, தாங்கியின் இரு முனைகளும் பொருந்தும் குண்டுகளின் மையத்திலிருந்து மையம் வரை அளக்க வேண்டும். பின்னர்க் கதவு மூடிய நிலையில் அதே இடைவெளியை அளக்க வேண்டும். மூடிய கதவுக்குப் பின்னால் எப்படி அளப்பது? பின்னிருக்கையை மடக்கி, துணையாளர் டார்ச் விளக்கோடு உள்ளே படுத்துக்கொள்ள வேண்டும். அல்லது ஒன்றன்மேல் ஒன்று நழுவும் இரு மரப்பட்டைகளைத் தாங்கியின் இடத்தில் கட்டி, கதவை மூடித் திறந்து, அவை எந்த அளவுக்குச் சுருங்கின என்று குறித்துக்கொள்ளலாம். திறந்த நீளத்துக்கும் மூடிய நீளத்துக்கும் உள்ள வேறுபாடே தண்டு செல்ல வேண்டிய தூரம். புதுத் தாங்கி இதைவிடக் குறைவாகச் சுருங்குமானால், கதவு மூடுமுன் அது முட்டிக்கொள்ளும். அழுத்தி மூடினால் கீலோ தகடோ வளையும்.

இரண்டாவது அளவு முனை. குண்டு முனையா, துளையுள்ள தட்டை முனையா, குண்டின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், தண்டின் தடிமன் என்ன, உருளையின் தடிமன் என்ன என்பன குறிக்கப்பட வேண்டும்.

மூன்றாவதே முதன்மையானது: விசை. பழைய கோலின் மேலுள்ள எண் தேய்ந்துவிட்டதென்றால் அதைக் கதவிடமே கேட்க வேண்டும். தாங்கிகளைக் கழற்றிவிட்டு, கதவைத் துணையாளர் முழுதும் திறந்து பிடிக்க, அதன் வெளி விளிம்புக்குக் கீழே தராசை வைத்து அதன்மேல் கழியை நேராக நிறுத்திக் கதவைக் கழியின்மேல் இருத்த வேண்டும். தராசு காட்டுவதிலிருந்து கழியின் எடையைக் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, எஞ்சியது 10 கிலோ என்றும், கீலிலிருந்து கழி வரை கிடைமட்டத் தொலைவு ஒரு மீட்டர் என்றும் கொள்ளலாம். 10 கிலோ எடை ஏறத்தாழ 100 நியூட்டன். அதனை ஒரு மீட்டரால் பெருக்கினால் கதவின் திருப்புத்திறன் 100 நியூட்டன் மீட்டர். கதவு கீழே விழத் துடிக்கும் துடிப்பின் அளவு இதுவே.

இனித் தாங்கியின் பக்கம். திறந்த நிலையில் தாங்கி கிடக்கும் நேர்கோட்டுக்கும் கீலுக்கும் இடையிலுள்ள செங்குத்துத் தொலைவு 16 சென்டிமீட்டர் என்று கொள்ளலாம். இருபுறமும் இரண்டு தாங்கிகள். 100-ஐ 0.16-ஆல் வகுத்து இரண்டால் வகுத்தால், ஒவ்வொன்றும் 312 நியூட்டனுக்குச் சற்று மேலான விசை தர வேண்டும் என்று கிடைக்கிறது. அதற்குமேல் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு கூட்டிக்கொண்டால் 360 முதல் 375 நியூட்டன். கடைக்காரரிடம் இனி வண்டியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நீளம் இவ்வளவு, தண்டு செல்லும் தூரம் இவ்வளவு, முனை இத்தகையது, விசை இவ்வளவு என்றால் போதும். வேறெந்த வண்டிக்காகவோ செய்யப்பட்ட தாங்கி அப்படியே பொருந்தலாம். பொருந்தவில்லையெனில் அளவு சொல்லிச் செய்து வாங்கலாம். சிறு அடைப்பானோடு வரும் தாங்கிகளும் உண்டு; அவற்றில் மிகையான வாயுவைச் சிறிது சிறிதாக வெளியேற்றி விசையைக் குறைத்துக்கொள்ளலாம். வெளியேற்றியதை வீட்டில் மீண்டும் அடைக்க இயலாது என்பதால் பொறுமை வேண்டும்.

கூட்டிக்கொண்ட பங்கு எதற்கு? வாயுவின் இயல்புக்காக. தாங்கியின் விசை 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறிக்கப்படுவது. வெப்பம் 10 பாகை ஏறினால் விசை நூற்றுக்கு மூன்றரைப் பங்களவு ஏறும். இறங்கினால் அதே அளவு இறங்கும். சென்னையின் கோடையில் 40 பாகையில் கதவைத் தாங்கி நிற்கும் கோல், பர்மிங்காமின் பனிக்காலத்தில் உறைநிலையில் தாங்காமல் போகலாம். இரண்டுக்கும் இடையே விசை நூற்றுக்குப் பதின்மூன்று பங்குக்கும் மேல் குறைந்துவிடும். ஒரே கார் இரு நாடுகளில் ஓடியது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்.

மிகையும் குறையும்

இத்தனை கணக்கு எதற்கு, இருப்பதில் வலிமை மிக்கதை வாங்கிப் பூட்டினால் தீர்ந்தது என்று எண்ணுவோர் உண்டு. பழைய வண்டிகளுக்குப் பெருங்கேடு விளைவிக்கும் எண்ணம் இதுவே. கதவு மூடியிருக்கும்போதும் தாங்கி ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதன் வலிமை மிகுந்தால் அத்தள்ளுதல் முழுவதும் கீலின் மேலும், குண்டைத் தாங்கும் தகட்டின் மேலும் விழும். நாற்பதாண்டுத் துரு உள்ளிருந்து அரித்த தகடு அதைத் தாங்காது. குண்டு தகட்டோடு பிய்ந்து வரும், கதவு கோணும், கோணிய கதவின் கண்ணாடி ஒரு நாள் காரணம் தெரியாமல் விரிசல் விடும். ஒருபுறத் தாங்கி ஓய்ந்து மறுபுறத் தாங்கி உயிரோடிருந்தாலும் கதவு முறுக்கிக்கொள்ளும். ஆகவே இரண்டையும் ஒருசேர மாற்றுவதே முறை.

ஒரே பெயருள்ள வண்டி என்பதால் ஒரே தாங்கி பொருந்தும் என்பதும் இல்லை. 1982-இல் ரோவர் எஸ்.டி.1 திருத்தம் பெற்றபோது அதன் பின்கண்ணாடி ஆழமாக்கப்பட்டது. கண்ணாடி துடைப்பானும் சேர்ந்தது. பெயர் மாறவில்லை, சுமை மாறியது. உரியவரே பின்னாளில் கதவில் எதையேனும் பொருத்தியிருந்தாலும் சுமை வேறு. ஆகவே எதிரிலிருக்கும் கதவையே அளக்க வேண்டும்.

ஓய்ந்த தாங்கியைத் துளையிட்டு, வால்வு பற்றவைத்து, மீண்டும் வாயு அடைத்துத் தருவதாகச் சொல்வோரிடம் எச்சரிக்கை தேவை. கதவைத் தாங்காத நிலையிலும் உருளைக்குள் எஞ்சியிருக்கும் அழுத்தம் ஆளைக் காயப்படுத்தப் போதுமானது. அதை அறுப்பதும், தீயிலிடுவதும், துளையிடுவதும் உயிரோடு விளையாடுவதாகும்.

ஏட்டின் இடைவெளி

இங்கு கூடியிருக்கும் கவிஞர்களுக்கு இத்தேடல் முற்றிலும் புதியதன்று. 1894-இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, செல்லரித்த ஏடுகளில் சொற்கள் விழுந்த இடங்கள் பல இருந்தன. விழுந்த சொல் எது என்பது தெரியாது. ஆனால் அது எத்தனை சீர் இடத்தை அடைத்திருந்தது, எந்த ஓசைக்கு இயைந்திருக்க வேண்டும், எந்தப் பொருளின் சுமையை ஏந்தியிருக்க வேண்டும் என்பவற்றை யாப்பும் சூழலும் ஓரளவு காட்டும். பெயர் அழிந்த இடத்தில் அளவு எஞ்சியிருக்கிறது. அவ்வளவுக்குப் பொருந்துவது வேறோர் ஏட்டில் கிடைத்தால் ஏற்பர். கிடைக்காதபோது புள்ளிகளிட்டு இடைவெளியை அப்படியே விடுவர். தம் கைச்சரக்கை வலிந்து புகுத்துவதில்லை. அளவு மீறிய சொல் பழைய பாட்டின் தகட்டைப் பிய்த்துவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இரண்டுக்கும் வேறுபாடும் உண்டு; அதை மறைத்தல் தகாது. பாட்டில் இடைவெளியை விட்டுவைக்கலாம், படிப்பவருக்கு ஊறில்லை. கதவில் இடைவெளியை விட்டுவைத்தால் குனிந்து சாமான் எடுப்பவரின் கழுத்துக்கு ஊறு. எனவே காரின் உரியவர் புள்ளியிட்டு நிறுத்த இயலாது. தாங்கியைக் கண்டுபிடித்தே தீர வேண்டும். அப்போதும் மூலத்துக்குச் செய்ய வேண்டிய கடமை ஒன்று எஞ்சுகிறது.

புதுத் தாங்கியைப் பொருத்திய பின் பழையதை என்ன செய்வது? அறுக்காமல், வெயிலில் போடாமல், துணியில் சுற்றி, ஓய்ந்தது என்று சீட்டுக் கட்டி வைக்கலாம். அதன்மேல் எஞ்சியிருக்கும் அரைகுறை எழுத்து அடுத்து ஆராய்பவருக்கு உதவும். அதனினும் முதன்மையானது, அளந்தவற்றை எழுதி வைத்தல். திறந்த நீளம், மூடிய நீளம், முனையின் வகை, விசை, மாற்றிய ஆண்டு: ஒரு பக்கத்தில் அடங்கும் செய்தி இது. வண்டியின் ஆவணங்களோடு அத்தாளும் இருக்க வேண்டும். இன்று பொருத்திய தாங்கியும் ஒரு நாள் ஓயும்; அதன் எழுத்தும் தேயும்; அதைச் செய்த நிறுவனமும் மாறலாம். அப்போது வண்டி வேறொருவர் கையிலிருக்கும். அவர் தராசும் கழியும் கொண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்காமல் இருக்க அந்த ஒரு தாள் போதும்.

வண்டலூர் ஆலை இன்று இல்லை. அங்கு அந்தக் கதவுகளைப் பூட்டிய தொழிலாளர்களில் பலர் முதுமை எய்தியிருப்பர். எந்தக் கோலை எந்தப் பக்கம் மாட்டினோம் என்பது அவர்கள் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு எங்கும் எழுதப்படாமல் போனதனால்தான் இத்தனை தேடலும். பத்து ஆண்டுகளாகக் கூடிப் பேசிவரும் இவ்விலக்கிய வட்டம் இன்று மலர் ஒன்றை வெளியிடுவதன் பயனும் இதுவே. மேடையில் பேசியது காற்றோடு போகும். எத்தனை அழுத்தி அடைத்தாலும் கசியும். தாளில் அளந்து வைத்தது பின்வருவோருக்குக் கிடைக்கும்.

பின்கதவைத் திறந்து, கையை எடுத்துவிட்டு, கதவு தானே நிற்பதைக் கண்டு அடுத்த வேலையைப் பார்க்கச் செல்லும் உரியவர் அதன் பிறகு அந்தக் கோலைத் திரும்பிப் பார்க்க மாட்டார். அதுவே அக்கோலுக்கு உரிய பாராட்டு. விளக்குமாற்றுக் கழி மீண்டும் விளக்குமாற்றுக்குச் செல்லலாம்.